செம்புள்ளிக் குறிநோக்கி: தேர்ந்தெடுக்கும் முறை

நம் மாவட்டத்தில் அரக்கோணத்தை அடுத்துள்ள தக்கோலம் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். கி.பி. 949ஆம் ஆண்டில் அங்கு நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமீது இருந்தபடியே அம்பு பாய்ந்து உயிர் துறந்தான். குறி தவறாத அம்பு சோழப் பேரரசின் போக்கையே சில காலம் மாற்றிவிட்டது. அதே தக்கோலத்தில் இன்று மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் அமைந்துள்ளது. 2025ஆம் ஆண்டில் அம்மையத்திற்கு இராசாதித்த சோழனின் பெயரே சூட்டப்பெற்றது. வில்லுக்குப் பதில் ரைபிள் வந்துவிட்டது. ஆனால் குறி பார்த்தல் என்னும் கலை மட்டும் மாறவில்லை.

என்.சி.சி.யில் சேர்ந்துள்ள நம் தோழியருக்கும், காவற்படைகளில் பணிபுரிய விரும்புவோருக்கும், துப்பாக்கி சுடும் போட்டிகளில் நாட்டம் உடையோருக்கும் இன்று அடிக்கடி காதில் விழும் பெயர் ‘ரெட் டாட் சைட்’. இதனைச் செம்புள்ளிக் குறிநோக்கி எனத் தமிழில் அழைக்கலாம். இது எவ்வாறு இயங்குகிறது? நல்லது எது, அல்லாதது எது என்று எவ்வாறு அறிவது? பட்டப்படிப்பில் நாம் பயிலும் ஒளியியலே இவ்வினாக்களுக்கு விடை தரப் போதுமானது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பொருள், ஒரு கண்

என்.சி.சி. மாணவியர் கையாளும் .22 ரைபிளில் இரும்பாலான இரண்டு குறிகள் உள்ளன. கண்ணுக்கு அருகில் இருப்பது பின்குறி. குழாயின் நுனியில் இருப்பது முன்குறி. இவ்விரண்டையும் இலக்கையும் ஒரே கோட்டில் நிறுத்திச் சுட வேண்டும். சொல்வது எளிது, செய்வது அரிது. ஏனெனில் இம்மூன்றும் மூன்று வெவ்வேறு தொலைவுகளில் உள்ளன. கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்கே தன்னைச் சரிசெய்துகொள்ள முடியும். ஆகவேதான் பயிற்சியாளர்கள் முன்குறியைத் தெளிவாகப் பார்க்கும்படியும், இலக்கு சற்று மங்கலாகத் தெரிந்தாலும் கவலைப்பட வேண்டாம் என்றும் கற்பிக்கின்றனர்.

இங்கு நேரும் பிழை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரு குறிகளுக்கும் இடையே 50 செ.மீ. இடைவெளி என்று கொள்வோம். முன்குறி 1 மி.மீ. விலகி நின்றால் அது ஐந்நூறில் ஒரு பங்கு விலகல். அப்படியானால் 50 மீட்டர் தொலைவில் குண்டு 10 செ.மீ. விலகிப் பாயும், 100 மீட்டரில் 20 செ.மீ. விலகும். கையில் ஒரு மயிரிழை. இலக்கில் ஒரு சாண்!

துரோணர் தம் மாணவர்களிடம் ‘என்ன தெரிகிறது?’ என்று கேட்ட கதையை நாம் அறிவோம். பறவையின் கழுத்து மட்டுமே தெரிகிறது என்றான் அருச்சுனன். இரும்புக் குறியில் அவ்வாறு இலக்கை மட்டுமே பார்க்க இயலாது. செம்புள்ளிக் குறிநோக்கியில் அது இயலும். வேறுபாடு அதுதான்.

காவலூரும் செம்புள்ளியும்

இக்கருவியின் தத்துவத்தை விளங்கிக்கொள்ள நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடியைத் தாண்டிச் சவ்வாது மலைமீது உள்ள காவலூர் வானாய்வகத்தை நினைத்துக்கொண்டால் போதும். 1986இல் தொடங்கிவைக்கப்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கியின் குழியாடி 2.34 மீட்டர் விட்டம் உடையது. விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் அவற்றின் கதிர்கள் நம்மிடம் இணைகதிர்களாகவே வந்து சேர்கின்றன. குழியாடி அவ்விணைகதிர்களை ஒரு புள்ளியில், அதாவது குவியத்தில், சேர்க்கிறது.

ஒளி தான் வந்த வழியே திரும்பிச் செல்லவும் வல்லது என்பது நாம் படித்த பாடம். எனவே குவியத்தில் ஒரு சிறு விளக்கை வைத்தால், ஆடி அதன் ஒளியை இணைகதிர்களாக்கி வெளியே அனுப்பும். அக்கதிர்களை நோக்கும் கண்ணுக்கு, அந்த விளக்கு விண்மீனைப் போல எல்லையற்ற தொலைவில் இருப்பதாகத் தோன்றும். செம்புள்ளிக் குறிநோக்கி என்பது இவ்வளவே. காவலூர் ஆடி செய்யும் வேலையைத் தலைகீழாகச் செய்யும் கைக்கடக்கமான ஆடி அது!

குறிநோக்கியில் விளக்காக அமைவது எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடு. ஆடியாக அமைவது வளைந்த கண்ணாடி. அதன்மீது பூசப்பட்ட மெல்லிய படலம் சிவப்பு ஒளியை மட்டும் பிரதிபலித்து, மற்ற நிறங்களைத் தன்னூடே செல்ல விடுகிறது. ஆகவே சுடுபவர் கண்ணாடி வழியே இலக்கையும் காண்கிறார். இலக்கின்மீதே ஒட்டியதுபோல் நிற்கும் செம்புள்ளியையும் காண்கிறார். கண் சற்று இடமோ வலமோ நகர்ந்தாலும் புள்ளி இலக்கை விட்டு விலகுவதில்லை. இரு கண்களையும் திறந்துகொண்டே சுடலாம்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே நீக்கிவிடுவது நல்லது. திரைப்படங்களில் எதிரியின் மார்பில் சிவப்பு ஒளி விழுவதைக் காண்கிறோமே, அது லேசர். செம்புள்ளிக் குறிநோக்கி இலக்கின்மீது எந்த ஒளியையும் பாய்ச்சுவதில்லை. புள்ளி சுடுபவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

தோன்றிய வரலாறு

இதனைக் கண்டறிந்தவர் அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரத்தைச் சேர்ந்த ஹோவர்டு கிரப். ஆண்டு 1900. அவர் துப்பாக்கி செய்பவர் அல்லர், தொலைநோக்கி செய்பவர். அவருடைய நிறுவனம் செய்த 51 செ.மீ. தொலைநோக்கி ஒன்று புனே நகரில் இருந்த மகாராஜா தக்தசிங்ஜி வானாய்வகத்தில் பயன்பட்டது. 1912இல் அவ்வாய்வகம் மூடப்பட்ட பின் நம் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. விண்மீனை நோக்கியவரே குறிநோக்கியையும் படைத்தார் என்பதில் வியப்பில்லை; இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே அன்றோ!

முதல் உலகப் போரின் இறுதியில், 1918இல், செருமானியப் போர் விமானங்களில் இத்தகைய குறிநோக்கி பொருத்தப்பெற்றது. விமானியின் கண்ணெதிரே பறப்புச் செய்திகளைக் காட்டும் ‘ஹெட் அப் டிஸ்ப்ளே’ என்னும் கருவியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் நாட்டுத் தேஜஸ் விமானத்திற்கான அக்கருவியைச் சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் உருவாக்கித் தந்தது.

ரைபிளுக்கு இது வருவதற்குக் காலம் பிடித்தது. சிறிய, குறைந்த மின்சாரத்தில் எரியும் விளக்கு தேவைப்பட்டது. 1970 நவம்பரில் வடவியட்நாமின் சோன் டே சிறை முகாமிலிருந்து தம் வீரர்களை மீட்கச் சென்ற அமெரிக்கப் படையினர், இரவில் சுடுவதற்காகக் கடையில் விற்ற ‘சிங்கிள்பாயிண்ட்’ என்னும் எளிய புள்ளிக் குறிநோக்கியைத் தம் ரைபிள்களில் பொருத்திச் சென்றனர். குறி நன்றாகவே அமைந்தது. ஆனால் கைதிகள் முன்னரே வேறிடத்திற்கு மாற்றப்பட்டிருந்தனர்! கருவி எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அறிவு பிழைத்தால் பயனில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1975இல் சுவீடன் நாட்டு எய்ம்பாயிண்ட் நிறுவனம் எல்.இ.டி. அமைந்த முதல் குறிநோக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் இவை உலகெங்கும் பரவின.

தேர்ந்தெடுக்கும்போது காண வேண்டியவை

நம் பகுதியில் தோல் வாங்க வருவோர் மினுமினுப்பைக் கண்டு விலை பேசுவதில்லை. விரலால் தடவி, மடித்து, இழுத்து, வெட்டுவாயைப் பார்த்த பிறகே பேசுவர். குறிநோக்கியையும் அவ்வாறே ஆராய வேண்டும். காண வேண்டியவை ஆறு.

1. புள்ளியின் அளவு: புள்ளியின் அளவை ‘எம்.ஓ.ஏ.’ என்னும் கோண அளவால் குறிப்பர். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே ஓர் எம்.ஓ.ஏ. இது 100 மீட்டர் தொலைவில் 2.9 செ.மீ. அகலத்தையும், 50 மீட்டரில் ஏறத்தாழ 1.5 செ.மீ. அகலத்தையும் மறைக்கும். ஆகவே 2 எம்.ஓ.ஏ. புள்ளி 100 மீட்டரில் 5.8 செ.மீ. அளவை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. புள்ளியோ 17 செ.மீ.க்கும் மேல் மறைத்துவிடும். அண்மை இலக்கை விரைந்து சுடுவதற்குப் பெரிய புள்ளி ஏற்றது. கண் அதனை உடனே கண்டுகொள்ளும். சேய்மையில் நுணுக்கமாகச் சுடுவதற்குச் சிறிய புள்ளியே ஏற்றது.

2. இடமாறு தோற்றப் பிழை: கண் நகர்ந்தாலும் புள்ளி நகராது என்று மேலே கூறினோம். அது செம்மையான ஆடிக்கே பொருந்தும். செம்மையான ஆடியிலும், கண் அச்சிலிருந்து விலகும் அளவுக்குச் சிறு பிழை இருக்கும். 20 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடியில் அது 10 மி.மீ.க்கு மேற்படாது, தொலைவு கூடினாலும் வளராது. ஆடியின் வளைவு செம்மையாக இல்லையேல் பிழை பன்மடங்காகும். சோதிக்கும் வழி எளிது. குறிநோக்கியை ஒரு பிடியில் அசையாமல் பொருத்தி, 50 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் ஓர் அடையாளத்தின்மீது புள்ளியை நிறுத்துக. பின்னர் தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்துக. புள்ளி அடையாளத்தை விட்டு வெகுவாக ஓடினால் அக்கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுக.

3. பொருத்தும் பிடி: ஆடி எவ்வளவு உயர்ந்ததாயினும் பிடி ஆடினால் எல்லாம் ஆடும். போர் ரைபிள்களின் மேற்புறத்தில் பல்வரிசைபோல் அமைந்த தடத்தில் சில குறிநோக்கிகள் பொருந்தும். .22 ரைபிள்களிலும் காற்றுத் துப்பாக்கிகளிலும் 11 மி.மீ. அகலப் பள்ளமே பெரும்பாலும் காணப்படும். இரண்டும் ஒன்றற்கொன்று பொருந்தா. சுருள்வில் கொண்டு இயங்கும் காற்றுத் துப்பாக்கி பின்னோக்கியும் முன்னோக்கியும் இருமுறை அதிர்வதால், அதனைத் தாங்கும் உறுதியுள்ள குறிநோக்கியே அதற்கு வேண்டும்.

4. திருகும் சொடுக்கும்: புள்ளியை மேலும் கீழும் நகர்த்தச் சிறு திருகுகள் உள்ளன. ஒவ்வொரு சொடுக்கும் 1 எம்.ஓ.ஏ. எனில் 25 மீட்டரில் குண்டு 7 மி.மீ. இடம்பெயர வேண்டும். அவ்வாறு பெயர்கிறதா என்று காண, மேலே 20, வலப்புறம் 20, கீழே 20, இடப்புறம் 20 எனச் சொடுக்கி, ஒவ்வொரு நிலையிலும் சுட்டுப் பார்ப்பர். இறுதியில் புள்ளி தொடங்கிய இடத்திற்கே திரும்ப வேண்டும். திரும்பாத திருகு நம்பத் தகாதது.

5. மின்கலம்: ‘ஒரே மின்கலத்தில் 50,000 மணி நேரம்’ என்னும் விளம்பரங்களைக் காண்கிறோம். இது நடக்கக்கூடியதா? நாணய வடிவமுள்ள 3 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம் தரும். அதனை 50,000ஆல் வகுத்தால் 4.4 மைக்ரோ ஆம்பியர் கிடைக்கிறது. நடுத்தர ஒளியில் இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் எரியும் எல்.இ.டி.கள் உண்டு. ஆனால் வைகாசி வெயிலில் புள்ளி தெரிய வேண்டுமானால் ஒளியைக் கூட்ட வேண்டும். அப்போது 0.1 மில்லி ஆம்பியர் செலவாகிறது என்று கொண்டால் 2,200 மணி நேரமே, அதாவது ஏறத்தாழ மூன்று மாதமே தாங்கும். எந்த ஒளி அளவில் இத்தனை மணி நேரம் என்று கேட்காமல் விளம்பரத்தை நம்புதல் கூடாது.

6. சுடுபவரின் கண்: சிலருக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாமல் வால்மீன் போலவோ சிதறிய பூப் போலவோ தெரியும். குற்றம் கருவியிலா, கண்ணிலா? குறிநோக்கியை மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். வாலும் கூடவே சுழன்றால் குற்றம் கருவியில். வால் அப்படியே நின்றால் குற்றம் கண்ணில். பின்னது பெரும்பாலும் உருட்சிப் பிழை எனப்படும் பார்வைக் குறை. அத்தகையோர் முதலில் நாட வேண்டியது கண் மருத்துவரையே. வேறு கடையை அன்று. சிவப்பு நிறத்தைப் பிரித்தறிய இயலாதவர்களுக்குப் பச்சைப் புள்ளி அமைந்த கருவி உதவும்.

வெப்பம் என்னும் சோதனை

மேற்கூறிய ஆறும் கடையிலோ சுடுதளத்திலோ காணத் தக்கவை. ஏழாவதாக ஒன்று உண்டு. வேலூர், ஆம்பூர், வாலாஜா வட்டாரத்தில் வாழும் நாம் அதனை முதலாவதாகவே வைக்க வேண்டும். அதுதான் வெப்பம். கோடையில் இங்கு வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதனினும் மிகுதி. உலோகமும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு அளவில் விரிவடைவன. விளக்குக்கும் ஆடிக்கும் உள்ள இடைவெளியோ சாய்வோ மிகச் சிறிதளவு மாறினாலும் புள்ளி காட்டும் திசை மாறிவிடும். புள்ளியோ முன்போலவே பளிச்சென்று ஒளிரும். மாறியது நமக்குத் தெரியாது. ஆபத்து அங்கேதான் உள்ளது.

இது வெறும் கற்பனை அன்று. செம்புள்ளிக் குறிநோக்கியின் உறவாகிய முப்பரிமாண ஒளிப்படக் குறிநோக்கி, அதாவது ஹாலோகிராம் முறையில் இயங்கும் குறிநோக்கி, அமெரிக்கப் படைகளில் பெருமளவில் பயன்பட்டது. அதனைச் செய்தளித்த இயோடெக் நிறுவனத்தின் கருவிகளில், வெப்பமும் குளிரும் மாறும்போது குறி விலகுகிறது என்னும் குறை இருந்தது. 2015 மார்ச்சில் எஃப்.பி.ஐ. தானாகவே சோதனை செய்து இக்குறையைக் கண்டறிந்தது. நிறுவனம் இதனைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தும் மறைத்தது என்று அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. அதே ஆண்டு நவம்பரில் இயோடெக்கும் அதன் தாய் நிறுவனமான எல்-3 கம்யூனிகேஷன்சும் 2 கோடியே 56 லட்சம் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டன.

பணம் திரும்பி வந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கருவியை நம்பிக் களத்தில் நின்ற வீரரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பிணைக்கைதியின் தோளுக்கு அருகே நிற்கும் கயவனைக் குறி பார்க்கும் காவலருக்கு, ஒரு சாண் விலகல் என்பது ஓர் உயிர். ஆகவே வாங்குமுன் குறிநோக்கியைப் பிடியில் பொருத்தி, காலை நிழலில் ஓர் அடையாளத்தின்மீது நிறுத்தி, நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துப் பின்னர் மீண்டும் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை இது. இதில் தோற்கும் கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்குதல் தகாது.

எவருக்கு எது?

போட்டிகளில் பங்குபெற விரும்புவோர் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் செம்புள்ளிக் குறிநோக்கிக்கு இடமே இல்லை. 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி தரும் மையம் வெறும் 0.5 மி.மீ. அகலமுடையது, ஒன்பது புள்ளி வளையம் 5.5 மி.மீ. அத்தொலைவில் 2 எம்.ஓ.ஏ. செம்புள்ளி 5.8 மி.மீ. அளவை மறைத்துவிடும். பத்தும் ஒன்பதும் புள்ளிக்குள் மறைந்து போகும்! 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இப்போட்டியில் தங்கப் பதக்கம் வென்றது சிறு துளை வழியே பார்க்கும் உலோகக் குறியைக் கொண்டுதான். ஆகவே போட்டியாளர் செம்புள்ளிக்குச் செலவிடும் பணத்தை நல்ல துளைக்குறிக்கும் பயிற்சிக்கும் செலவிடுவதே அறிவுடைமை.

என்.சி.சி. மாணவியர் இரும்புக் குறியிலேயே பழக வேண்டும். மூச்சை அடக்குதல், விசையை மெல்ல அழுத்துதல், ரைபிளைச் சாயாமல் பிடித்தல் ஆகிய மூன்றையும் எந்தக் குறிநோக்கியும் நமக்காகச் செய்து தராது. செம்புள்ளி, குறிகளை ஒரு கோட்டில் நிறுத்தும் ஒரு வேலையை மட்டுமே குறைக்கிறது. மின்கலம் தீர்ந்த வேளையில் கை கொடுப்பதும் இரும்புக் குறியே.

காவற்படைகளில் அண்மையிலுள்ள இலக்கை நொடிப்பொழுதில் குறி பார்க்க வேண்டிய நிலையில் உள்ளோருக்குச் செம்புள்ளிக் குறிநோக்கி உற்ற துணை. 2 முதல் 4 எம்.ஓ.ஏ. வரையுள்ள புள்ளி, உறுதியான பிடி, நீர் புகாத கூடு, வெயிலிலும் தெரியும் ஒளி, வெப்பத்தில் விலகாத அமைப்பு ஆகியவை அவர்தம் கருவிக்கு இன்றியமையாதன. குறிநோக்கி குழாயைவிடச் சில செ.மீ. உயரத்தில் இருப்பதால், மிக அருகிலுள்ள இலக்கில் குண்டு புள்ளிக்குக் கீழே பாயும் என்பதையும் அவர்கள் மறத்தல் ஆகாது.

ரைபிள் வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், நம்மில் பெரும்பாலோர் இக்கருவியைச் சுடுதளத்தில் மட்டுமே காண்போம். எனினும் நாளை நம்முள் சிலர் ஒரு படைக்கோ காவல் துறைக்கோ கருவி வாங்கும் குழுவில் அமரக்கூடும். ஆய்வுக்கூடத்தில் கருவியைத் தரும் இடத்தில் அமரக்கூடும். அன்று விற்பவர் தரும் அச்சிட்ட தாளை நம்பிக் கையெழுத்திடாமல், ‘ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துப் பார்ப்போம்’ என்று சொல்லும் துணிவு வேண்டும். இயற்பியல் கற்றதன் பயன் அதுவே.

‘எய்தவன் இருக்க அம்பை நோவதேன்’ என்பது பழமொழி. கருவியைக் குறை கூறுமுன் அதனைத் தேர்ந்தெடுத்தவர் யார், சோதித்தவர் யார் என்று கேட்கச் சொல்கிறது அது. செம்புள்ளி ஒரு திசையைக் காட்டும். அத்திசை உண்மையானதா என்று அறிய வேண்டியவர் நாமே.